அப்பாவும் போனார், அண்ணாவும் போனார்: அடுத்தது நானா?

திருகோணமலை, திருக்கடலூரில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 45. கடிதம் நாலு பக்கம், அதனால் சுருக்கித் தருகிறேன்.

"என் அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். சித்தப்பாவுக்கு 52 இல் பைபாஸ் செய்தார்கள். போன வருடம் அண்ணா, வயது 48. கரைவலை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் நெஞ்சு எரியுது என்றார். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்தோம். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் ஓட்டோவில் ஏற்றினோம், போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மெலிந்த ஆள், சீனி வருத்தம் இல்லை, பிரஷரும் இல்லை. சிகரெட் மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு பயத்தில் நானும் இரத்தம் சோதித்தேன். மொத்தக் கொலஸ்திரோல் 296, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்திரோல்) 218, எச்.டி.எல். (நல்ல கொலஸ்திரோல்) 52, டிரைகிளிசரைட் 130. தேங்காயை விட்டால் சரிவரும் என்கிறார்கள். தெரிந்த ஒருவர், எச்சிலை எடுத்து அனுப்பினால் இதய நோய் வருமா வராதா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்கிறார். ஆனால் பெரிய காசு. இன்னொன்று, என் மகளுக்கு 21. அக்காவின் மகனுக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் விருப்பம்தான். இரத்தத்தில் ஓடுகிற வருத்தம் என்றால் சொந்தத்துக்குள் செய்யலாமா? அண்ணாவின் பிள்ளைகளுக்கு 17, 12. அவர்களுக்கும் வருமா? அண்ணாவுக்கு இரண்டு குதிகாலுக்கு மேலேயும் நரம்பு தடித்துக் கட்டி மாதிரி இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. கடல் வேலையால் வந்தது என்று இருந்துவிட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்."

தம்பி, சம்பந்தம் இருக்கிறது. நாலு பக்கத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, சேர்ப்பதா விடுவதா என்று யோசித்து நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரிதான்.

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கிற தசைநாணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துப் பாருங்கள். சாதாரணமாக அது ஒரே சீராக, இரண்டு பக்கமும் வழுவழுப்பாக இருக்கும். பல வருடம் கொலஸ்திரோல் அதிகமாக ஓடிய உடம்பில் அது அந்த நாணுக்குள் படிந்து, நாண் தடித்துக் கணுக்கணுவாக விரலில் தட்டுப்படும். கைவிரல் மூட்டுகளின் மேற்பக்க நாண்களிலும் இது வரலாம். சிலருக்குக் கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் 45 வயதுக்கு முன்பே விழுந்துவிடும். செருப்பு உரசியோ வேலைச் சுமையாலோ வருகிற தடிப்பும் உண்டு, அதனால் உங்கள் குதிகாலைப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தடிப்பையும், எல்.டி.எல். 218 ஐயும், அப்பா, சித்தப்பா, அண்ணா மூவரின் வயதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற எந்த வைத்தியருக்கும் முதலில் மனதில் வருவது ஒரே பெயர்: குடும்பவழி உயர் கொலஸ்திரோல்.

அது என்ன என்று சொல்கிறேன். இரத்தத்தில் ஓடுகிற எல்.டி.எல். துணிக்கைகளைப் பிடித்து உள்ளே எடுத்து அகற்றுவது பெரும்பாலும் ஈரலின் வேலை. பிடிப்பதற்கு ஈரல் கலங்களின் மேல் வாங்கிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யும் மரபணு 19ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று பழுதாக வந்தால் வாங்கிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். எங்கள் துறைமுகத்தில் இறங்குதுறைகளில் பாதியை மூடினால் கப்பல்கள் வெளியே காத்து நிற்கும் அல்லவா, அப்படித்தான் எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். பிறந்த நாளில் இருந்தே அப்படி. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. வாங்கியின் மரபணுவில்தான் பெரும்பாலான பழுதுகள். அபோபி, பிசிஎஸ்கே9 என்ற வேறு இரண்டு மரபணுக்களின் மாறுபாடுகளாலும் இதே நிலைமை வரும்.

இது அபூர்வமான வருத்தம் இல்லை. உலகக் கணக்கில் 250 முதல் 300 பேருக்கு ஒருவர். திருகோணமலை மாவட்டத்தில் நாலு லட்சம் பேர் அளவில் இருக்கிறோம். அதே விகிதம் இங்கும் இருந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் எத்தனை பேர் கொலஸ்திரோல் என்ற சொல்லையே கிளினிக்கில் கேட்டிருப்பார்கள்? எங்கள் ஆட்கள் சீனிக்கும் பிரஷருக்கும் பயப்படுகிறார்கள், நல்லதுதான். ஆனால் மெலிந்த உடம்பு, சீனி இல்லை, பிரஷர் இல்லை என்றதும் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிற பழக்கம் வீட்டிலும் இருக்கிறது, வைத்தியர் மத்தியிலும் இருக்கிறது. உங்கள் அண்ணா மாதிரியானவர்கள் அந்த ஓட்டைக்குள்ளால் விழுகிறார்கள். மருந்து எடுக்காமல் விட்டால், இந்தப் பழுது உள்ள ஆண்களில் பாதிப்பேர் அளவில் 50 வயதுக்குள் இதய நாடி நோயை, அதாவது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் அடைப்பதை, காண்பார்கள். பெண்களில் 60 வயதுக்குள் நூற்றுக்கு 30 பேர் அளவில். அண்ணாவின் சிகரெட் அந்த நாளை இன்னும் முன்னுக்கு இழுத்திருக்கும்.

சரி, இரத்தத்தில் ஓடுகிறதா என்ற கேள்விக்கு வருவோம். இதில் இரண்டு விதம் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் எச்சில் பரிசோதனை விற்கிறவர்களுக்கு வியாபாரம் ஓடுகிறது.

ஒன்று, இப்போது சொன்னது. ஒரு மரபணு, ஒரு பெரிய பழுது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. மற்றது, எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிற சிறிய மாறுபாடுகள். 2007 இல் 9ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாறுபாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் இதய நாடி நோயின் ஆபத்து நாலில் ஒரு பங்கு அளவு கூடுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் பாதிப்பேர் அளவில் ஒரு பிரதி வைத்திருக்கிறார்கள், நாலில் ஒருவர் அளவில் இரண்டும் வைத்திருக்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், அது கொலஸ்திரோலைக் கூட்டுவதில்லை, பிரஷரைக் கூட்டுவதில்லை. நாடிச் சுவரிலேயே ஏதோ செய்கிறது. அதற்குப் பிறகு இதுவரை இதய நாடி நோயோடு தொடர்புள்ள இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்ன விசயம்தான். பல சேர்ந்துவிட்டால் சின்ன விசயம் இல்லை.

மரபு எவ்வளவு பெரிது என்பதற்குச் சுவீடன் நாட்டு இரட்டையரைப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆண் இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்கு முன் இதய நாடி நோயால் இறந்தால், மற்றவரும் அப்படி இறக்கும் ஆபத்து, உருவம் ஒத்த இரட்டையரில் எட்டு மடங்கு. உருவம் ஒவ்வாத இரட்டையரில் ஏறக்குறைய நாலு மடங்கு. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனாலும் இந்த வித்தியாசம். வயது போகப் போக இந்தத் தொடர்பு குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் நாங்கள் "வீட்டில் யாருக்காவது இதய வருத்தம் இருந்ததா" என்று மட்டும் கேட்பதில்லை, எந்த வயதில் என்றும் கேட்கிறோம். 78 வயதில் அப்பப்பாவுக்கு வந்த மாரடைப்பு பேரனைப் பற்றி அதிகம் சொல்லாது. அப்பாவுக்கோ சகோதரனுக்கோ 55 க்கு முன்னும், அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65 க்கு முன்னும் வந்திருந்தால் அதைப் பாரதூரமாக எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு பேர்.

இன்னுமொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் ஆகிய நாடுகளில் முதல் மாரடைப்பு வருகிற இடைநிலை வயது 53. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. எங்கள் மக்களுக்கு ஆறு வருடம் முந்தியே வருகிறது. ஆனால் அந்த ஆறு வருடத்தை முழுக்க மரபணு மேல் போட வேண்டாம். அதே ஆய்வு, இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதிக்கு இளவயதிலேயே புகைத்தல், சீனி, கெட்ட கொழுப்பு, பழமும் மரக்கறியும் குறைவு, நடை குறைவு என்பவைதான் காரணம் என்று காட்டியது.

இனி எச்சில் பரிசோதனை. உங்கள் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும். அப்படி விற்கப்படுகிற பல பரிசோதனைகள் அந்தச் சின்னச் சின்ன மாறுபாடுகளை எண்ணி ஒரு புள்ளி போடுபவை. அந்தப் புள்ளியைச் செய்யப் பயன்பட்ட தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. திருக்கடலூரில் பிறந்தவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அதைவிட எனக்குப் பயம் வேறொன்று. ஈரல் வாங்கியின் மரபணுவில் ஆயிரக்கணக்கான விதமான பழுதுகள் பதிவாகியிருக்கின்றன. அந்த மரபணுவை முழுக்க வாசிக்காத ஒரு பரிசோதனை "உங்களுக்கு ஆபத்து சராசரிதான்" என்று ஒரு வண்ணத்தாளை அனுப்பும். நீங்களும் சந்தோசமாக மருந்து வேண்டாம் என்று இருந்துவிடுவீர்கள். எல்.டி.எல். 218 அந்தத் தாளை வாசிக்காது, தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

முறையான மரபணுப் பரிசோதனை வேறு. இந்த நோய்க்குரிய மரபணுக்களை மட்டும் முழுமையாக வாசிப்பது அது. வசதி கிடைத்தால் நல்லதுதான். குடும்பத்தில் நோய் தெளிவாகத் தெரிகிற ஒருவரில் முதலில் பார்த்து, என்ன பழுது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களில் அந்த ஒரு பழுதை மட்டும் தேடினால் போதும். அப்படிச் செய்வதென்றால் உங்கள் இரத்தத்தில் இருந்தோ சித்தப்பாவின் இரத்தத்தில் இருந்தோ தொடங்க வேண்டும், மகளில் இருந்து இல்லை. ஆனால் நோய் வெளிப்படையாக இருக்கிற குடும்பங்களிலும் பலவற்றில் எந்தப் பழுதும் அகப்படாமல் போகும். அப்போதும் வைத்தியம் ஒன்றுதான். ஆகவே அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு இன்று தேவையான "மரபணுப் பரிசோதனை" லிப்பிட் புரொபைல்தான், நீங்கள் செய்த அதே கொலஸ்திரோல் பரிசோதனை. ஆளுக்கு ஒரு குழாய் இரத்தம்.

உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? இரத்தத்தை இன்னொரு தடவை சோதித்து 218 என்பதை உறுதிப்படுத்துங்கள். கூடவே தைரொயிட், ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும். தைரொயிட் குறைந்தாலும், சிறுநீரில் புரதம் கொட்டினாலும் எல்.டி.எல். இப்படி ஏறும், அதைத் தவறவிடக் கூடாது. ஈசிஜி எடுப்பார்கள். நடக்கும்போது, வலை இழுக்கும்போது, மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தாடையில், இடது கையில் உளைவோ வருகிறதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி இருந்தால் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பி, இதய நாடிகளில் அடைப்பு இருக்கிறதா என்று காட்டுகிற அஞ்சியோகிராம் பார்க்க வேண்டி வரலாம்.

வாய்ப்பு இருந்தால் லைப்போபுரோட்டீன் சின்ன ஏ என்ற ஒன்றையும் வாழ்நாளில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 1963 இல் நோர்வேயில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அளவைத் தீர்மானிப்பது ஏறக்குறைய முழுக்க மரபணுதான். சின்ன வயதிலேயே நிலைத்துவிடும், சாப்பாட்டாலும் நடையாலும் அசையாது. உலகில் ஐந்தில் ஒருவருக்கு அது அதிகம். டெசிலீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே இருந்தால் ஆபத்துக் கணக்கில் சேர்ப்போம். அதைக் குறைக்கிற மாத்திரை இப்போது எங்கள் கையில் இல்லை. அப்படியென்றால் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். அது கூடியிருந்தால் எல்.டி.எல். விசயத்தில் கொஞ்சமும் இளக்கம் காட்டக் கூடாது, அதற்காகத்தான்.

மருந்து ஸ்டாட்டின், கொலஸ்திரோலைக் குறைக்கிற மாத்திரை. உங்கள் நிலைக்குக் கொஞ்சம் பெரிய அளவில் தருவார்கள், அட்டோவாஸ்டாட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம். எல்.டி.எல். பாதி அளவுக்குக் குறையும். உங்களுக்கு 110 அளவில் வந்து நிற்கும். அது போதாது. இப்படியான குடும்பத்தில் 70 க்குக் கீழே கொண்டுபோகப் பார்ப்போம். அதற்கு எசெற்றிமைப் என்ற இரண்டாவது மாத்திரை இருக்கிறது, மிச்சத்தில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். அதற்கும் மசியாவிட்டால் பிசிஎஸ்கே9 ஊசிகள் 2015 இல் இருந்து உலகச் சந்தையில் இருக்கின்றன. விலைதான் எட்டாது.

அந்த ஊசியின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. பிசிஎஸ்கே9 என்பது ஈரல் வாங்கிகளை அழிக்கிற ஒரு புரதம். 2003 இல் பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் அந்த மரபணு வேகம் கூடி வேலை செய்வதால் கொலஸ்திரோல் ஏறுவதைக் கண்டுபிடித்தார்கள். அப்போ அதே மரபணு பிறப்பிலேயே செத்துப்போயிருந்தால் என்ன நடக்கும் என்று அமெரிக்காவில் தேடினார்கள். 2006 இல் விடை வந்தது. அந்த மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாத கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல். 28 வீதம்தான் குறைவு, ஆனால் இதய நாடி நோய் 88 வீதம் குறைவு! 28 வீதம் என்பது சாதாரண மாத்திரை ஒன்றே குறைக்கிற அளவு. பிறகு எப்படி இவ்வளவு பலன்? பிறந்ததில் இருந்து குறைவாக இருந்ததால். நாடிச் சுவருக்குக் கணக்கு இன்றைய எண் மட்டும் இல்லை. எத்தனை வருடம் அந்த எண்ணோடு ஓடினீர்கள் என்பதும்தான். உங்கள் நாடிகள் 45 வருடமாக அந்த எண்ணைச் சுமந்திருக்கின்றன. அதனால் உங்களுக்கு இந்த மாதமே மருந்து தொடங்க வேண்டும். உங்கள் அண்ணாவின் 12 வயதுப் பிள்ளைக்கோ, இதே கணக்கு பெரிய நல்ல செய்தி.

நெதர்லாந்தில் இந்த நோயுள்ள 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கி 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 39 வயதுக்குள் மாரடைப்புப் போன்றவை வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். அதே நோயுள்ள அவர்களின் பெற்றோருக்கு அந்த மருந்து வாழ்க்கையில் பிந்தித்தான் கிடைத்தது. அவர்களில் அதே வயதுக்குள் நூற்றுக்கு 26 பேர். ஒரே குடும்பம், ஒரே பழுது, தலைமுறை மட்டும் வேறு. அண்ணாவின் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூட விடுமுறைக்குக் காத்திராமல் சோதியுங்கள். இப்படியான குடும்பத்தில் பிள்ளையின் எல்.டி.எல். 160 ஐத் தாண்டினால் இந்த நோயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 8 முதல் 10 வயதில் இருந்தே வைத்தியரின் கண்காணிப்பில் ஸ்டாட்டின் கொடுக்கலாம். அண்ணிக்கு இதை மெதுவாகச் சொல்லுங்கள்; கணவனை இழந்து ஒரு வருடத்தில் பிள்ளைக்கும் மருந்து என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும். அவரையும் கிளினிக்குக்கு கூட்டிப்போய் வைத்தியர் வாயால் கேட்க வையுங்கள்.

அக்காவும் சோதிக்க வேண்டும். அவரை நீங்கள் கடிதத்தில் சம்பந்தம் கேட்கிற வீட்டுக்காரியாக மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். அவரும் அதே அப்பாவின் பிள்ளை. பெண்களுக்குப் பத்து வருடம் பிந்தி வரும், அவ்வளவுதான். வராது என்றில்லை.

தேங்காய் விசயம். புட்டுக்குள் தேங்காய்ப்பூ, சொதிக்குத் தேங்காய்ப்பால், பொரியலுக்குத் தேங்காய் எண்ணெய் என்று மூன்று வேளையும் ஓடுகிற வீட்டில் குறைக்க இடம் இருக்கிறது, குறையுங்கள். தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்.டி.எல். 10 மில்லிகிராம் அளவில் கூடுகிறது. அதைக் கழித்தால் உங்களுக்கு 208. உங்கள் நாடிக்கு 218 உம் 208 உம் ஒன்றுதான். சாப்பாட்டால் உங்கள் வீட்டுப் பிரச்சினை வரவில்லை, சாப்பாட்டால் மட்டும் தீரவும் தீராது. சூடை, கீரி மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடுங்கள்; இறாலும் கணவாயும் இடைக்கிடை பரவாயில்லை, பொரித்து வேண்டாம்.

ஆனால் இதை "எல்லாம் மரபணு, நான் என்ன செய்தாலும் ஒன்றுதான்" என்று எடுத்துவிடக் கூடாது. 2016 இல் 55,000 க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வில், சின்ன மாறுபாடுகள் அதிகமாகச் சேர்ந்து மரபணு ஆபத்து உச்சத்தில் இருந்தவர்களிலேயே, புகைக்காமல் இருப்பது, உடம்பு பெருக்காமல் இருப்பது, கிழமைக்கு ஒரு தடவையாவது உடற்பயிற்சி, சாப்பாட்டில் கவனம் என்ற நாலில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட நோய் ஏறக்குறைய பாதிதான். நீங்கள் புகைப்பதாக எழுதவில்லை. எழுதாமல் விட்டிருந்தால், இன்றோடு விடுங்கள்.

இப்போது கலியாணம். இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு அந்தப் பழுது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காவுக்கும் இரண்டில் ஒன்று. அவரின் மகனுக்கு நாலில் ஒன்று. இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், அவர்களின் பிள்ளைகளுக்குப் பாதி வாய்ப்பு. அது வெளியில் செய்தாலும் அதேதான், சொந்தத்தால் கூடவில்லை. சிக்கல், இருவருக்கும் இருந்தால் மட்டுமே. அப்போது ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பிரதியுமே பழுதாக வருவதற்கு.

அந்த நிலை கடுமையானது. எல்.டி.எல். 500 ஐத் தாண்டலாம், பத்து வயதுக்குள்ளேயே நாடி அடைக்கலாம். அமெரிக்காவில் ஸ்டோர்மி ஜோன்ஸ் என்ற சிறுமிக்கு அப்படித்தான். மொத்தக் கொலஸ்திரோல் 1,000 க்கு மேல். ஆறு வயதில் இதயம் கெட்டு, 1984 பெப்ரவரியில் இதயத்தையும் ஈரலையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள், உலகத்தில் முதல் தடவையாக. இதயம் கெட்டதற்கு ஈரலை ஏன் மாற்ற வேண்டும்? வாங்கிகள் இருப்பது அங்கேதானே. புது ஈரல் வந்ததும் அவளுடைய கொலஸ்திரோல் விழுந்தது. பதின்மூன்று வயது வரை இருந்தாள். இந்த நிலை லட்சக்கணக்கில் ஒருவருக்கு வருவது. ஆனால் நோயுள்ள குடும்பத்துக்குள்ளேயே மாறி மாறிக் கலியாணம் நடக்கும்போது அந்த லட்சக் கணக்கு செல்லாது.

ஆகவே என் பதில் "செய்யாதே" என்பதில்லை. இருவரையும் சோதியுங்கள், பொருத்தம் பார்க்கக் கொடுப்பதற்கு முன்பே. ஒருவருக்காவது எல்.டி.எல். சாதாரணமாக இருந்தால், இந்த நோயைக் காரணம் காட்டி இந்தச் சம்பந்தத்தைத் தடுக்க வேண்டியதில்லை. இருவருக்கும் கூடியிருந்தால் மட்டும் முறையான மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கலாம். மரபணு ஆலோசனை தருகிற வைத்தியரோடு அவர்கள் இருவரும் இருந்து பேசட்டும். முடிவு அவர்களுடையது, நானோ நீங்களோ சாத்திரியாரோ எடுப்பதில்லை. இன்னொரு சொல்: பெறுபேறு கூடி வந்தால் அதை மகளின் "குறை" என்று ஊரில் பேச விடாதீர்கள். உங்கள் அப்பாவிடமிருந்து நீங்கள் வாங்கி, நீங்கள் கொடுத்தது அது.

மகளுக்கும் மருந்து தேவைப்பட்டால் வைத்தியரிடம் கலியாணத் திட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை உண்டாக்க நினைக்கும்போது வழக்கமாக ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வோம், பால் கொடுத்து முடித்த பிறகு திரும்பத் தொடங்குவோம். வருடக் கணக்கில் மருந்தை மறந்துவிடுகிற பெண்கள் அதிகம் இந்த இடைவெளியில்தான் தொலைகிறார்கள்.

"கொலஸ்திரோல் மாத்திரை ஈரலைப் பழுதாக்கும்" என்று உங்களுக்கு நிச்சயம் யாராவது சொல்வார்கள். தொடங்கும்போது ஈரல் பரிசோதனை செய்வோம், பெரிய ஈரல் பாதிப்பு மிக அரிது. சிலருக்குத் தசை உளைவு வரும். வந்தால் மாத்திரையை நீங்களாக விடாமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். ஒரு மாதம் எடுத்து, எண் இறங்கியதும் "சுகம் வந்துவிட்டது" என்று நிறுத்துகிறவர்களை ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்கிறேன். இந்தப் பழுதுக்குச் சுகம் வருவதில்லை, மாத்திரை இருக்கும் வரைதான் எண் இறங்கி நிற்கும்.

அண்ணாவின் சாவு திடீர்ச் சாவு என்பதால் மரண விசாரணை நடந்திருக்கும், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனையும் செய்திருக்கலாம். அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். இதய நாடிகள் அடைத்திருந்தன என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு நேரமும் சொன்னதோடு ஒத்துப்போகும். இதயத் தசை தடித்திருந்தது, நாடிகள் சுத்தம் என்று இருந்தால் கதை வேறு. தென்னாசியர்களில் நூற்றுக்கு நாலு பேர் அளவில் இதயத் தசையின் ஒரு மரபணுவில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறது, அப்படிப் போகிற குடும்பங்களும் உண்டு. அப்போது எல்லாருக்கும் எக்கோ என்ற இதய ஸ்கான் எடுக்க வேண்டி வரும்.

ஓமத்தண்ணி கொடுத்ததற்காக உங்களை நீங்கள் குற்றம் சொல்ல வேண்டாம். நெஞ்செரிவு என்று ஒருவர் சொன்னால் எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இனி உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் பாரமோ எரிவோ வியர்வையோடு வந்து பத்து நிமிடத்தில் விடாவிட்டால் 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பிந்தும் என்று தெரிந்தால் மட்டும் ஓட்டோ.

மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்குக்கு வரும்போது பழைய இரத்தப் பெறுபேறு, அண்ணாவின் அறிக்கை, சித்தப்பாவின் பைபாஸ் கிளினிக் கொப்பி மூன்றையும் கொண்டு வாருங்கள். ஒரு தாளில் அப்பா வழி ஆட்கள் எல்லாரின் பெயரும், வயதும், இறந்திருந்தால் எந்த வயதில் எதனால் என்பதும் எழுதி வையுங்கள். சித்தப்பாவின் பிள்ளைகளையும் அதில் சேருங்கள், அவர்களுக்கும் இதே இரத்தப் பரிசோதனைதான். எல்.டி.எல். பார்க்கப் பெரும்பாலும் பட்டினி தேவையில்லை, ஆய்வுகூடத்தில் கேட்டால் மட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குதிகால் தெரிகிற மாதிரிச் சாரமோ அரைக்காற்சட்டையோ போட்டு வந்தால் பார்க்கிறவருக்கும் சுகம்.